சட்பரி வேய்சைட் இன்: 1716இல் தொடங்கிய டாவர்னில் ஒரு மதியச் சாப்பாடு

பாஸ்டன் பக்கம் இருக்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிறவர்கள், யாராக இருந்தாலும் சரி, சட்பரியில் இருக்கிற வேய்சைட் இன்னுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 20 மைல். ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலுக்கு வருகிற நம் ஆட்களுக்கு அங்கிருந்து ரொம்பப் பக்கம். சாப்பாட்டுக்காக மட்டும் போனால் "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். கட்டடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மனசு வராது. அதனால் இந்த விமர்சனத்தில் சாப்பாட்டைவிடக் கட்டடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இணையத்தில் தேடினால் "1716லிருந்து அப்படியே இருக்கிற சத்திரம்" என்கிற மாதிரிதான் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படியே இல்லை. ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாக இதை விரித்து விரித்துக் கட்டியது, ஒரு கவிஞர் இதைப் பாட்டில் வைத்தார், ஒரு கம்பளி வியாபாரி அந்தப் பாட்டின் பேரையே விடுதிக்குச் சூட்டினார், கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு வாங்கி இதைச் சுற்றி ஒரு கிராமத்தையே நிறுத்தினார், 1955இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி நாசமானது, பிறகு மறுபடி கட்டினார்கள். இத்தனை பேர் கை பட்ட பிறகும் வழியில் வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் தருகிற வேலை, நடுவில் சில இடைவெளிகளோடு, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்குள் பூட்டிவைத்த அருங்காட்சியகமாக ஆகிவிடாமல் அடுப்பெரிகிற இடமாகவே இருக்கிறது பாருங்கள், எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

காட்டோரத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர் எதற்கு டாவர்ன், அதாவது சாப்பாடும் குடியும் படுக்கையும் தருகிற வழியோர விடுதி, நடத்தப் போனார் என்று கேட்டால், அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது, சாலையும் இருந்தது. மாசசூசெட்ஸ் அப்போது ஆங்கிலேயர்களின் காலனி. ஒவ்வொரு ஊரும் பயணிகளுக்காக ஒரு விடுதி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கே அபராதம் என்று 1656லேயே விதித்திருந்தார்கள். விதித்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், குடிவெறியைப் பெரும் பாவமாகப் பேசியவர்கள். ஆனாலும் இந்த ஊர்ப் பனிக்காலத்தில் குதிரையில் வருகிற ஒரு மனிதன் இருட்டியதும் தங்க இடம் கிடைக்காவிட்டால் உயிரோடு விடிவது நிச்சயமில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே டாவர்ன் வேண்டும், ஆனால் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும், குடித்துவிட்டு ரகளை செய்கிறவனுக்குத் தண்டனை உண்டு என்று எல்லாவற்றையும் அதிகாரிகள் கண்ணில் வைத்துக்கொண்டார்கள்.

சாலை என்றால் பாஸ்டன் போஸ்ட் ரோடு. நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு முதல் தபால் 1673 ஜனவரியில் குதிரையில் கிளம்பியது. அந்தத் தபால் வழிகளில் ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டு, வூஸ்டர் தாண்டி சட்பரி வழியாக வந்தது. அந்த வழியோரம் டேவிட் ஹவ் என்பவர் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை என்று சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். 1716இல் அதிலேயே விடுதி நடத்த உரிமம் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் தூங்குகிற, சமைக்கிற இடத்திலேயே வழிப்போக்கர்களும் வந்து தங்கினார்கள். அந்தக் காலத்து நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் பெரும்பாலான டாவர்ன்கள் இப்படித்தான் தொடங்கின, விடுதிக்கென்று தனியாகக் கட்டியவை குறைவு. முன்பின் தெரியாத இருவர் மூவர் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்வது அப்போது சாதாரணம்.

இப்போது உள்ளே போவோம். நீங்கள் நேராகப் போக வேண்டிய இடம் பழைய பார் அறை. டேவிட் ஹவ் கட்டிய மூல வீட்டின் இடம் அதுதான். தீ விபத்துக்குப் பிறகு சீரமைத்திருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் 18ஆம் நூற்றாண்டு டாவர்ன் எப்படி இயங்கியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இன்னோர் அறையை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. நுழைந்ததும் கூரை தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், உயரமானவர்கள் தன்னையறியாமல் குனிவார்கள். அந்தக் காலத்து வீடுகளில் கூரையைத் தாழ்வாக வைத்ததற்குக் காரணம் விறகுச் செலவு. உயரம் கூடினால் கணப்பின் சூடு எல்லாம் மேலே போய்த் தங்கிவிடும், மனிதன் உட்காருகிற உயரத்தில் குளிரும். ஜன்னல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருப்பதற்கும் இதே மாதிரி ஒரு காரணம். அப்போது கண்ணாடி பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். பெரிய கண்ணாடி விலையும் அதிகம், வழியில் உடைந்தும் போகும்.

தலைக்கு மேலே பாருங்கள். அறையின் குறுக்கே தடித்த உத்தரம் ஓடும், அதில் போய்ச் சேர்கிற மாதிரி சின்னச் சட்டங்கள், அதற்கு மேல் மாடியின் பலகைத் தரை. தனியாகப் பொய்க்கூரை அடித்து எதையும் மறைக்கவில்லை. நியூ இங்கிலாந்தின் அந்தக் காலத்து மரவேலையில் சட்டகத்துக்கு இரும்பு ஆணியை நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு மரத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே துளைபோட்டு மரமுளையை அடித்து இறுக்கிவிடுவார்கள். மரம் காயக் காய மூட்டு இன்னும் இறுகும். கட்டுமானத் துறையில் வேலை பார்க்கிற நண்பர் யாராவது இருந்தால் கூட்டிப் போங்கள், அவர் சாப்பாட்டை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது மூலையில் இருக்கிற பார்தான். நம் மனசில் இருக்கிற நீளமான மேசை மாதிரியான பார் இல்லை அது. மரத்தடுப்பு போட்ட ஒரு சின்னக் கூண்டு. பாட்டில், ஜாடி எல்லாம் உள்ளே. மேலே மரக்கம்பிகளால் செய்த தட்டி ஒன்று தொங்குகிறது. கடைக்காரர் மாட்டைக் கவனிக்கவோ வயலுக்கோ போக வேண்டியிருந்தால் அந்தத் தட்டியை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அறை திறந்தே இருக்கும், வந்தவன் கணப்பருகே உட்கார்ந்து குளிர் காயலாம், சரக்கில் மட்டும் கை வைக்க முடியாது. விவசாயமும் பார்த்துக்கொண்டு விடுதியும் நடத்திய குடும்பத்தின் நடைமுறை அறிவு அந்தத் தட்டியில் அப்படியே தெரிகிறது. வழிகாட்டிப் பலகையைப் படிப்பதைவிட அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பது மேல்.

என்ன குடித்தார்கள் என்றால், ஆப்பிளிலிருந்து எடுத்த சைடர், பீர், எல்லாவற்றுக்கும் மேலாக ரம். கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து மொலாசஸ் என்கிற கரும்புப் பாகு பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்து இறங்கும், பாஸ்டனிலும் மெட்ஃபர்டிலும் அதைக் காய்ச்சி ரம் வடித்தார்கள். அந்தக் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் ஓடியவை. கணப்பும் மரமும் பார்த்து மயங்கி நிற்கிறபோது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர்காலத்துக்கென்றே ஃப்ளிப் என்று ஒரு பானம் இருந்தது. பீரில் சர்க்கரையும் ரம்மும் கலந்து வைத்து, கணப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சிய இரும்புக் கம்பியை அதற்குள் விடுவார்கள். பொங்கி நுரைத்து, அடியில் சர்க்கரை கருகி ஒரு கசப்பு ஏறும். நம் ஊரில் மோருக்குச் சுடச்சுடத் தாளிக்கிறபோது எழும் சத்தமும் வாசனையும் எப்படியோ அப்படித்தான் அந்த அறையும் இருந்திருக்கும்.

சரி, வெளியே வந்து கட்டடத்தைத் தள்ளி நின்று பாருங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் முழுசாகத் தெரியும். இரண்டு அறை வீடாகத் தொடங்கியது எப்படி இவ்வளவு நீளமானது? டேவிட்டின் மகன் எசேக்கியல் ஹவ் 1740களில் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் இது செங்குதிரை டாவர்ன், ரெட் ஹார்ஸ் என்று பேர். சாலையில் நடமாட்டம் கூடக்கூட அறைகள் சேர்ந்தன. அவருக்குப் பின் மகன் ஆடம், அதற்கப்புறம் பேரன் லைமன் என்று வரிசையாகக் குடும்பத்துக்குள்ளேயே போனது. கூரையைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சரிவு ஒரே சீராக இறங்காமல், உச்சியில் மெதுவாகச் சரிந்து பாதி வழியில் ஒடிந்து செங்குத்தாக இறங்கும். இதை கேம்ப்ரல் கூரை என்பார்கள். இதன் லாபம் என்னவென்றால் கூரைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு முழு மாடி அளவுக்கு நடமாட இடம் கிடைக்கும், ஆனால் சுவரை அவ்வளவு உயரத்துக்கு எழுப்ப வேண்டியதில்லை. கூட்டம் நிறைய வருகிற விடுதிக்கு இதைவிடப் பொருத்தமான கூரை கிடையாது.

எசேக்கியல் வெறும் விடுதிக்காரர் மட்டுமல்ல, உள்ளூர்ப் படையில் லெப்டினன்ட் கர்னல். 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் படை பக்கத்து ஊரான கான்கார்டுக்கு வந்தபோது சட்பரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கிராமத்து டாவர்ன் என்பது குடிக்கிற இடம் மட்டுமில்லை. செய்தி வந்து சேர்வது அங்கே, படைக்கு ஆள் கூடுவது அங்கே, ஏலம் நடப்பது அங்கே, வழக்கு பேசுவது அங்கே. பாஸ்டனில் என்ன நடக்கிறது என்பது சட்பரி விவசாயிக்குத் தெரிய வேண்டுமானால் வழிப்போக்கன் வாயால்தான் தெரிய வேண்டும். அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய அந்தக் காலத்தின் தடயம் ஒன்று ஜன்னல் கண்ணாடியில் இருக்கிறது. வில்லியம் மோலினோ என்ற பாஸ்டன்காரர் 1774 ஜூனில் கண்ணாடியில் கீறி எழுதிய நான்கைந்து வரிப் பாட்டு. இங்கே சரக்கு நன்றாயிருக்கும், அவசரமில்லையென்றால் நின்று ருசித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் சாரம். இந்தக் கடைக்கு எழுதப்பட்ட முதல் ரிவ்யூ என்றே அதைச் சொல்லலாம்.

அப்புறம் ரயில் வந்தது. பாஸ்டனிலிருந்து வூஸ்டருக்கு 1835இல் ரயில் ஓடத் தொடங்கியது, அதுவும் சட்பரிக்குத் தெற்கே ஃப்ரேமிங்ஹாம் வழியாக. குதிரை வண்டிகள் நின்றுபோக, சாலையோர விடுதிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கடைசி ஹவ்வான லைமன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1861இல் அவர் இறந்ததும் உறவினர் கைக்குப் போய் விடுதி நின்றுவிட்டது. கூடத்தை மட்டும் நடன விருந்துகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். "அமெரிக்காவிலேயே தொடர்ந்து இயங்குகிற மிகப் பழைய விடுதி" என்று யாராவது சொன்னால் இந்த 1861 முதல் 1897 வரையிலான காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிகப் பழைய விடுதிகளில் ஒன்று என்றால் சரி, அதுவே போதுமான பெருமைதான்.

விடுதி மூடிக்கிடந்த அந்தச் சமயத்தில்தான் 1862இல் கவிஞர் லாங்ஃபெலோ இங்கே வந்து பார்த்தார். அடுத்த வருஷம் அவருடைய 'டேல்ஸ் ஆஃப் எ வேய்சைட் இன்' வந்தது. ஓர் இலையுதிர்கால இரவில் சட்பரி விடுதியின் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிற அமைப்பு. விடுதிக்காரர் சொல்கிற கதைதான் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த, பிரிட்டிஷ் படை வருகிறது என்று 1775இல் இரவோடிரவாகப் போய் எச்சரித்த பால் ரிவியரின் குதிரைச் சவாரி. அந்த விடுதிக்காரர் பாத்திரம் லைமன் ஹவ்வை வைத்து எழுதியது, ஆனால் நூல் வந்தபோது லைமன் உயிரோடு இல்லை. நூலின் முன்னுரைப் பாடலில் கட்டடத்தைப் பற்றி வருகிற இடத்தை வாய்ப்பிருந்தால் படித்துவிட்டுப் போங்கள். மழைக்கறை படிந்த சுவர், தேய்ந்த படிக்கட்டு, கிரீச்சிடுகிற மேடுபள்ளத் தரை, பிரமாண்டமான புகைபோக்கி என்று, பராமரிப்பு இல்லாமல் கிடந்த ஒரு கிராமத்து டாவர்னைக் கண் முன்னால் நிறுத்துவார். இன்று நீங்கள் பார்க்கப்போவது அதைவிடப் பல மடங்கு ஒழுங்கான, மெழுகு போட்டுத் துடைத்த கட்டடம்.

1897இல் எட்வர்ட் ரிவர்ஸ் லெமன் என்ற கம்பளி வியாபாரி வாங்கினார், லாங்ஃபெலோ பேரையே விடுதிக்கு வைத்தார், பழம்பொருள் சேர்த்தார், பாட்டைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்காகத் திறந்துவைத்தார். ரெட் ஹார்ஸ் டாவர்ன், பாட்டில் வருகிற வேய்சைட் இன்னாக நிலைத்துப்போனது அவரால்தான்.

அடுத்து ஃபோர்டு. 1923இல் லெமனின் மனைவியிடமிருந்து வாங்கினார். விடுதியோடு நிற்காமல் சுற்றுவட்டார நிலத்தையும் வாங்கிக்கொண்டே போய் ஏறத்தாழ 3,000 ஏக்கர் வரை சேர்த்துவிட்டார். உலகத்தையே காரில் ஏற்றி வேகப்படுத்திய மனிதர், தன் கார்கள் ஓடுகிற சத்தமும் அதிர்வும் இந்த விடுதியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, விடுதி வாசலில் போய்க்கொண்டிருந்த நெடுஞ்சாலையைத் தள்ளிப் போட வைத்தார். இன்றைக்கு ரூட் 20இல் லாரிகள் சீறிக்கொண்டு போக, விடுதிக்கு முன்னால் இருக்கிற பழைய சாலையில் நிம்மதியாகக் குழந்தையை நடக்கவிட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்த முடிவுதான். இடத்தைக் காப்பாற்றியதில் மிகப் பெரிய வேலை இது என்று நினைக்கிறேன். கட்டடத்தை மட்டும் பாதுகாத்து வாசலில் நெடுஞ்சாலையை விட்டிருந்தால் இங்கே யாரும் மரத்தடியில் உட்கார மாட்டார்கள்.

அவர் குடியையும் புகையையும் வெறுத்தவர். நாட்டில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. ஆக இருநூறு வருஷத்து டாவர்ன் ஒரு சொட்டு ரம் இல்லாத விடுதியாக ஓடியது. அதற்குப் பதிலாகப் பழங்கால நடனங்களை உயிர்ப்பிக்க ஆசைப்பட்டார். பெஞ்சமின் லவெட் என்ற நடன ஆசிரியரை இங்கேதான் சந்தித்தார், அவரை மிச்சிகனுக்கே அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். அங்கே டியர்போர்னில் 1929இல் திறந்த கிரீன்ஃபீல்டு வில்லேஜ் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு கிராமமாக அடுக்குகிற அந்த வேலையை ஃபோர்டு முதலில் தொட்டுப் பார்த்தது சட்பரியில்தான்.

எனவே இந்த வளாகத்தில் நடக்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே நடங்கள். சிவப்பு நிறத்தில் குட்டியாக நிற்கிற ரெட்ஸ்டோன் பள்ளிக்கூடம் 1798இல் ஸ்டெர்லிங் என்ற ஊரில் கட்டியது, 1920களில் இங்கே தூக்கிவந்தது. மேரியும் அவளுடைய ஆட்டுக்குட்டியும் என்று குழந்தைகள் பாடுகிற பாட்டில் வருகிற பள்ளிக்கூடம் அதுதான் என்று ஃபோர்டு நம்பினார். அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்பதில் வேறு கருத்தும் உண்டு, அதற்குள் போக வேண்டாம், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் ரொம்பப் பிடிக்கும். வெள்ளையாகக் கோபுரத்தோடு நிற்கிற மார்த்தா-மேரி சேப்பல் 1940இல் கட்டியது, பார்ப்பதற்குத்தான் 18ஆம் நூற்றாண்டு. 1938 சூறாவளியில் இந்த நிலத்தில் விழுந்த மரங்களை அறுத்து அந்தப் பலகையில் கட்டினார்கள். ஃபோர்டின் அம்மா மேரி, மாமியார் மார்த்தா, இருவர் பேரும் சேர்ந்தது. சனிக்கிழமைகளில் போனால் பெரும்பாலும் யாருக்காவது கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். 1928 முதல் 1947 வரை அரசின் பராமரிப்பில் இருந்த பையன்களுக்காக ஒரு பள்ளியும் இங்கே நடத்தினார் ஃபோர்டு.

மாவரைக்கும் ஆலைக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். வயலில் கிடந்த கற்களைச் சேர்த்துக் கட்டி 1929இல் திறந்தது. ஆக நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் வேலை நிஜம். ஓடையிலிருந்து மரக்கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து சக்கரத்தின் உச்சியில் விழும், 18 அடி விட்டமுள்ள சக்கரம் அந்தப் பாரத்தில் மெல்லச் சுற்றும், உள்ளே பல்சக்கரங்கள் அந்தச் சுற்றை வேகப்படுத்தி, பிரான்ஸிலிருந்து வந்த திரிகைக் கல்லுக்குக் கொடுக்கும். அடிக்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுற்றும், கல்லில் வெட்டிய பள்ளங்கள் வழியாக மாவு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியே வந்து விழும். ஆலை ஓடுகிற நாளில் உள்ளே நின்றால் தரை லேசாக அதிர்வதைக் காலில் உணரலாம், மாவு வாசனை மூக்கில் ஏறும். 1952 முதல் 1967 வரை பெப்பரிட்ஜ் ஃபார்ம் ரொட்டி நிறுவனம் இந்த ஆலையைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கள் ரொட்டிக்கு மாவரைத்தது. இப்போதும் சோளமாவும் கோதுமை மாவும் அரைத்து விற்கிறார்கள், சமையலறைக்கும் அதே மாவு போகிறது. அந்தச் சோளமாவை வாங்கி வந்து ரொட்டி தட்டிப் பாருங்கள், கடையில் வாங்குகிற பாக்கெட்டைவிடக் கொரகொரப்பு அதிகம், மணமும் அதிகம். பனிக்காலத்தில் ஆலை மூடியிருக்கும்.

1955 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், கடும் குளிர் இரவில் விடுதி எரிந்தது. பெரும் சேதம். ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுக்க, எஞ்சியதை ஆதாரமாக வைத்துக்கொண்டு மறுபடி கட்டி 1958இல் திறந்தார்கள். அந்தச் சமயத்தில் அவர்கள் எடுத்த முடிவை நான் மனசார மதிக்கிறேன். எரிந்ததை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு புதிய ஓட்டல் கட்டியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. பழைய அளவுகள், பழைய அறை அமைப்பு, பழைய கூரைச் சரிவு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். மரம் புதுசாக இருக்கலாம், ஆனால் பார் அறையில் உட்கார்ந்தால் கூரை தலைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, கணப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் மேசையில் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அன்றைய டாவர்னின் அமைப்புதான். இந்த விஷயங்களைப் புகைப்படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இப்போது லாப நோக்கில்லாத அறக்கட்டளை ஒன்று இதை நடத்துகிறது, அதனால் நீங்கள் கொடுக்கிற சாப்பாட்டுக் காசில் ஒரு பங்கு இந்தக் கூரைக்கும் ஓடைக்கும்தான் போகிறது.

சாப்பாடு. இது அசல் நியூ இங்கிலாந்துச் சமையல், அதாவது நிதானமாக வெந்த இறைச்சி, வேர்க்காய்கள், வெண்ணெய், கிரீம். பாட் ரோஸ்ட், சிக்கன் பாட் பை, கடல் மீன் வகைகள் என்று மெனு பருவத்துக்குப் பருவம் மாறும். காரத்தைத் தேடாதீர்கள், இந்தச் சமையலில் அது கிடையாது, குளிருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்வதற்காக உருவான சாப்பாடு இது. பாட் ரோஸ்ட் நன்றாயிருக்கும், முள்கரண்டியிலேயே பிரிந்துவிடுகிற பதம், குழம்பில் நல்ல ஆழம். சிக்கன் பை ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற வெள்ளைக் குழம்பு நாம் செய்கிற ஸ்டூவுக்கு ரொம்பத் தூரம் இல்லை. ரொட்டிக்கூடை வந்ததும் மறக்காமல் எடுங்கள், ஆலை மாவின் ருசி அதில் தெரியும். கடைசியில் இந்தியன் புட்டிங் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சோளமாவைப் பாலிலும் மொலாசஸிலும் சேர்த்து மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வேகவைப்பது. பார்க்கக் கலங்கலாக, அழகில்லாமல் இருக்கும். ஐஸ்கிரீமோடு வாயில் வைத்தால் வெல்லம் போட்ட கேழ்வரகுக் களியைப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துவிடும். இங்கே சாப்பிட்டதில் என் முதல் ஓட்டு அதற்குத்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சூப், சாலட், ஒன்றிரண்டு பதார்த்தம் என்ற அளவில்தான் இருக்கும், அதனால் போவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் இதை மதியச் சாப்பாட்டு இடமாக வைத்துக்கொள்ளாமல், கோயில் பிரசாதத்தை முடித்துவிட்டு வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகிற திட்டம் பொருந்தும்.

குடிக்கிறவர்களுக்கு கூ வூ என்று ஒரு பானம், ரம்மும் இஞ்சி பிராந்தியும். அமெரிக்காவின் முதல் காக்டெயில் என்று விடுதியில் சொல்வார்கள், அதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் வெளியே பனி கொட்டுகிற நாளில் அந்த இஞ்சி தொண்டையில் இறங்குவது சுகம். காரை ஓட்டுகிறவர் தள்ளி இருக்கட்டும்.

தங்குவதற்குப் பத்து அறைகள்தான். 9, 10ஆம் எண் அறைகள் லைமனின் அக்கா ஜெரூஷாவுடையவை என்பார்கள். கல்யாணமாகாமல் 1842இல் இறந்துபோனவர், பியானோ வாசிப்பாராம், காதலன் கடல் தாண்டிப் போய்த் திரும்பவில்லை, அவள் ஆவி இன்னும் நடமாடுகிறது என்று கதை. ஆவியில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தக் கதையால் ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. தங்குகிறவர்கள் சீட்டு எழுதி மேசை இழுப்பறையிலும் உத்தரத்தின் இடுக்கிலும் சொருகிவைத்துவிட்டுப் போகிறார்கள், அடுத்து வருகிறவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் கீறின மோலினோவின் பழக்கம் வேறு வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்போது போகலாம் என்றால், இலை நிறம் மாறுகிற அக்டோபரில் அழகு அதிகம், கூட்டமும் அதிகம், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். செப்டம்பர் கடைசியில் விடுதிக்கு எதிரே இருக்கிற வயலில் அந்தக் காலத்து உடையில் குழல், முரசு வாசிக்கிற குழுக்கள் கூடுகிற திருவிழா நடக்கும், பிள்ளைகளுக்கு அது நல்ல நாள். கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் என் யோசனை, ஜனவரி பிப்ரவரியில் ஒரு வேலைநாள் மதியம் போங்கள். ஆலை மூடியிருக்கும், அதற்காக வசந்தத்தில் இன்னொரு முறை வரலாம். ஆனால் கணப்பு எரியும். முன்பதிவு செய்யும்போதே பழைய பார் அறையில் மேசை வேண்டும் என்று கேளுங்கள், பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் வேறெந்த நல்ல ரெஸ்டாரண்டிலும் சாப்பிட்ட மாதிரிதான் இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் தரைத்தளத்திலேயே இடம் கேட்டுவிடுங்கள், பழைய கட்டடம் என்பதால் அறைக்கு அறை தரை மட்டம் மாறும். கார் நிறுத்த இடம் தாராளமாக இருக்கிறது. ஜிபிஎஸ் ரூட் 20இலிருந்து சின்னச் சாலைக்குள் திருப்பச் சொல்லும்போது தயங்காமல் திரும்புங்கள், அதுதான் பழைய போஸ்ட் ரோடு.